மரத்த காலும் நள்ளிரவு வலியும்

"லூப் சாலை மீன் அங்காடியில் வியாபாரம் செய்யும் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றப் போகிறார்கள். மறுநாளே வீட்டுக்குப் போகலாமாம். வலிக்கு நரம்பு ஊசி போடுவார்களாம். கால் விளங்காமல் போய்விடுமா?"

- வாசகி, நொச்சிக்குப்பம், சென்னை.

அந்தப் பயம் வேண்டாம். நாம் வழக்கமாக 'நரம்பு ஊசி' என்பது ரத்தக்குழாயில் போடுவது. இது வேறு. அல்ட்ராசவுண்டு திரையில் பார்த்து, வலியைக் கடத்தும் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்துவார்கள். தொடை இடுக்கில் போட்டால் தொடைத் தசையும் தளர்ந்து, எழுந்து நிற்கும்போது விழ வாய்ப்புண்டு. அதனால் இப்போது பலரும் தொடையின் நடுவே, உட்புறமாகப் போடுகிறார்கள். காலில் பலம் பெருமளவு இருக்கும். முழங்காலின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் வலிக்கலாம்.

பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் மரப்பு விட்டுவிடும். அது நள்ளிரவாக இருந்தால் வலி ஒரேயடியாக வந்து இறங்கும். 'வலிதான் இல்லையே' என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவது நம் வீடுகளில் நடக்கிற தவறு. மரப்பு இருக்கும்போதே, டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கழிவறைக்குக்கூட வாக்கரும் துணைக்கு ஆளும் இல்லாமல் அனுப்ப வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கூடாது. சுட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது.

2 நாள் கழித்தும் மரப்பு விடாவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்குக் கிளம்பும்முன், இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.