மலைச்சரிவில் மனை வாங்குமுன்

மும்பையிலிருந்து ஊருக்கு ரயிலேறும் நம்மவர்களுக்குக் கர்ஜத் என்றால் வடாபாவ். வண்டிக்குப் பின்னால் பேங்கர் எஞ்சின் எதற்கு மாட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பவர் குறைவு. அங்கிருந்து லோனாவாலா வரை 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1863-ல் திறந்த பாதை. இங்கே சஹ்யாத்ரி என்பதும், ஊரில் நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்பதும் ஒன்றேதான். தபதி நதிக்கரையிலிருந்து குமரி வரை சுமார் 1600 கி.மீ. நீளம். நடுவில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய்.

கல்தான் வேறு. இந்தப் பக்கம் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய் உறைந்த பாறை. தெற்கே அதைவிட மிகப் பழையது. இரண்டின் மேலும் மக்கிய மண் ஒரு போர்வை போலக் கிடக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது மர வேர். நாலு மாத மழையை வாங்கி மெதுவாக இறக்குவதும் காடுதான். கிருஷ்ணா, பீமா மட்டுமல்ல, நம் காவிரியும் தாமிரபரணியும் பிறப்பது இந்த மலையில்.

மலைப்பாதையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். வழி கிடைக்காத தண்ணீர்தான் எங்களுக்குச் சத்துரு. கட்டிங்குக்கு மேலே வாய்க்கால் வெட்டி, மழைக்கு முன் தூர் வாரி, ஆடும் பாறையை ஆள் ஏற்றித் தள்ளிவிடுவோம். பங்களா கட்டுகிறவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? ஜே.சி.பி. வந்து சரிவின் அடியை வெட்டிவிட்டுப் போய்விடுகிறது. காடு இருந்தால் சரிவே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2014 ஜூலை 30-ல் புனே மாவட்டத்து மாலின் கிராமம் புதைந்தபோது, மேலே மலையைச் சமப்படுத்தியதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2023-ல் ராய்கட் மாவட்டத்து இர்ஷால்வாடி. 2024-ல், அதே ஜூலை 30, வயநாடு.

2011-ல் மாதவ் காட்கில் குழு மலை முழுவதையும் மூன்று தரமாகப் பிரித்துக் காக்கச் சொன்னது. மாநிலங்கள் எதிர்த்தன. 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு அதை 37 சதவீதமாகக் குறைத்தது. அதற்கும் எதிர்ப்பு. வயநாடு சரிந்த மறுநாள் வெளியானது ஆறாவது வரைவு அறிவிக்கை!

நம் அன்பர்கள் சிலர் கர்ஜத், லோனாவாலா பக்கம் மனை தேடுகிறார்கள். ஜனவரியில் போய்ப் பார்க்காதீர்கள், ஜூலையில் போங்கள். மேலே எங்கே வெட்டியிருக்கிறார்கள், வெள்ளம் எந்த வழியாக இறங்குகிறது, ஓடையை மண் போட்டு மூடியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். தரகர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.