மறைகதவும் மறைக்கப்பட்டோரும்

சுவரோடு சுவராகக் கதவை மறைப்பதே இன்றைய கட்டடக்கலையின் நாகரிகம் என்கின்றனர் சிலர். பிடியில்லை, நிலையில்லை, எங்கும் ஒரே நிறம். இவ்வழகின் பிறப்பை அவர்கள் அறிவரா?

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய மாளிகைகளில், விருந்தினர் கண்ணிற்படாது பணியாளர் வந்துபோகவே இத்தகைய கதவுகள் பல அமைக்கப்பட்டன. ஆள்வோருக்கோ அவை உயிர்காக்கும் வழியாயின. 1789 ஒக்டோபர் 6இல் வெர்சாய் அரண்மனையுள் மக்கள் புகுந்தபோது, அரசி மாரி அந்துவானெத் படுக்கையறை மறைகதவாலேயே தப்பினார்.

கொஸ்லந்தையிற் பிறந்த எனக்கு இக்கதை புதிதன்று. துரை பங்களாவில் எம்மவருக்குப் பின்வாசல். எமது இரட்டை லயங்களிலோ பின்வாசலே இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒரே கதவு, பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம்.

வெளியேறும் கதவை மறைத்தலாகாது என்பது தீத்தடுப்பு விதி. மண்சரிவுக்கு அவ்விதி இல்லையோ? மீரியபெத்தையில் ஆபத்துண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. ஆயினும் 2014 ஒக்டோபர் 29இல் மண் லயங்களை மூடியபோது மக்கள் அங்கேயே இருந்தனர். எச்சரிக்கை அவர்களுக்குக் கதவாகத் திறக்கவில்லை, சுவராகவே நின்றது.

அழகை நாம் வெறுக்கவில்லை. கதவை மறைப்போர், அதனால் மறைக்கப்படுவோர் யாரென எண்ணுக. எமக்கு வேண்டுவது சரியாத நிலத்தில் இருவாசல் வீடும், அதற்கொரு காணி உறுதியுமே.