வைஃபை அட்டை வாங்கும் முன்னர்

கல்லூரியில் பயிலும் பிள்ளைகளுக்கெனவோ, வீட்டிலிருந்தே பணிபுரிவோருக்கெனவோ இன்று பல இல்லங்களில் மேசைக் கணினி ஒன்று இடம்பெற்றிருக்கின்றது. மடிக்கணினியில் வைஃபை வசதி உள்ளேயே அமைந்து வருகின்றது. மேசைக் கணினிகள் பலவற்றில் அவ்வசதி இராது. ஆகவே அதற்கென ஓர் அட்டையைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டியதாகின்றது. கடைக்குச் சென்றாலோ, ஒன்றையொன்று விஞ்சும் எண்களைத் தாங்கிய பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. எண் பெரிதானால் வேகமும் பெரிதாகும் என நம்பி, குடும்பச் சேமிப்பிலிருந்து கூடுதல் தொகையைச் செலவிடுவோர் பலர். வாங்கிவந்த அட்டை தம் கணினியில் இயங்கவே இல்லையெனத் திகைப்போரும் உளர். எனவே இத்திங்கள் இப்பகுதியில் இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்தில் இருத்துதல் நலம். கம்பியில்லாத் தொடர்பு என்பது இருவர் நடத்தும் உரையாடலைப் போன்றது. ஒருபுறம் கணினியிலுள்ள அட்டை. மறுபுறம் வீட்டிலுள்ள ரூட்டர். இருவருக்கும் தெரிந்த மொழியிலேயே பேச்சு நடைபெறும். ஒருவர் மட்டும் பெரும்புலமை பெற்றிருப்பதால் பயன் யாது? 1997-ஆம் ஆண்டில் இத்தொழில்நுட்பத்தின் முதல் தரவரையறை வெளிவந்தபோது அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. பின்னர் வந்த தலைமுறைகளுக்குப் பொதுமக்கள் எளிதில் நினைவிற்கொள்ளுமாறு வைஃபை 4, 5, 6 என எண்ணிட்டு அழைக்கும் வழக்கம் 2018-இல் ஏற்பட்டது. வைஃபை 7-க்குரிய சான்றளிப்பு 2024 சனவரியில் தொடங்கிற்று. புதிய தலைமுறை அட்டை பழைய ரூட்டருடனும் இணையும். ஆயின் அது பழைய ரூட்டரின் வேகத்திலேயே இணையும். வைஃபை 5 ரூட்டர் உள்ள இல்லத்தில் வைஃபை 7 அட்டையைப் பொருத்துவோர், வைஃபை 7-க்கு விலை கொடுத்து வைஃபை 5-ஐயே பெறுகின்றனர்.

இனி, பெட்டியின்மீது பொறித்துள்ள எண்ணின் பொருளைக் காண்போம். 'ஏ.எக்ஸ். 3000' என எழுதியிருப்பின், நொடிக்கு 3000 மெகாபிட் கிட்டுமென்றே எவரும் கருதுவர். உண்மையில் அது ஒரு கூட்டுத்தொகை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 574, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2402. இரண்டையும் கூட்டி முழுமையாக்கியதே அந்த 3000. வைஃபை 6 அட்டையோ ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில் மட்டுமே ரூட்டருடன் இணையும். அந்த 2402-உம், ரூட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கினால் மட்டுமே வாய்க்கும். அகலம் 80 ஆயின் அது 1201 ஆகக் குறையும். இதுவும் ஏட்டளவிலான வேகமே; தொலைவும் சுவர்களும் தம் பங்கைக் கழித்துக்கொண்ட பின்னர் எஞ்சுவதே நம் கைக்கு வரும். மேலும், நாம் மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் இணைய இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் எனில், எத்துணை உயர்ந்த அட்டையும் இணையத்திலிருந்து அதற்குமேல் கொணர இயலாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இங்கும் பொருந்தும்.

அலைவரிசைகளைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அண்டை வீடுகளின் ரூட்டர்களும், ப்ளூடூத் கருவிகளும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையிலேயே இயங்குவதால் அங்கு நெரிசல் மிகுதி. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆயினும் தடித்த சுவர்களைக் கடக்கையில் விரைந்து தளர்ந்துவிடும். வைஃபை 6ஈ எனும் வகை, 6 ஜிகாஹெர்ட்ஸ் என்ற புதிய வரிசையையும் பயன்படுத்துகின்றது. அங்கு நெரிசல் குறைவு. சுவரைத் துளைக்கும் ஆற்றலும் குறைவே. இப்புதிய வரிசையைப் பயன்படுத்தும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கா 2020-இல் 1200 மெகாஹெர்ட்ஸ் பரப்பைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் இவ்வரிசையின் கீழ்ப்பகுதியான 500 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்னும் வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியிடப்பட்டன. தம் ரூட்டரில் 6 ஜிகாஹெர்ட்ஸ் வசதி உண்டா எனக் கண்டறிந்த பின்னரே அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது முறை.

அடுத்து வருவது, பணத்தை முழுமையாக இழக்கச் செய்யும் இடர். இன்டெல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ். 210, ஏ.எக்ஸ். 211 என்னும் இரு சிற்றட்டைகளும் தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். முன்னது பொதுவான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறையில் இயங்குவதால் பலவகைக் கணினிகளுக்கும் ஏற்றது. பின்னதோ தன் வேலையில் ஒரு பகுதியைக் கணினியிடமே விட்டுவிடுகின்றது. ஆதலால் அதற்கென அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். ஏ.எக்ஸ். 200, ஏ.எக்ஸ். 201 ஆகியவற்றின் நிலையும் இதுவே. ஈற்றிலக்கம் ஒன்றாயின் எச்சரிக்கை கொள்க. வைஃபை 7 வகையைச் சேர்ந்த பி.இ. 200 அட்டையோ, ஏ.எம்.டி. செயலி கொண்ட கணினிகள் பலவற்றில் இயங்குவதில்லை. ஆகவே மதர்போர்டின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வதே அறிவுடைமை.

இயக்க முறையையும் கருதவேண்டும். விண்டோஸைப் பொறுத்தவரை, 6 ஜிகாஹெர்ட்ஸ் வரிசை விண்டோஸ் 11-இலேயே கிட்டும். வைஃபை 7-இன் முழுப்பயனுக்கு அதன் 24எச்2 பதிப்போ அதற்குப் பிந்தியதோ தேவை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறைவுற்றது. லினக்ஸ் பயன்படுத்துவோர், தம் பதிப்பில் அந்த அட்டைக்குரிய டிரைவர் உண்டா என முன்னரே விசாரித்தல் வேண்டும். எவ்வகை அட்டையாயினும் டபிள்யூ.பி.ஏ.3 என்னும் பாதுகாப்பு முறையை ஏற்பதாக இருக்கட்டும்.

வாங்கிய பின் பொருத்துவதிலும் சில நுட்பங்கள் உள்ளன. மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்து, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே அட்டையைக் கையிலெடுக்க வேண்டும். சிறிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டை, அதனினும் நீண்ட ஸ்லாட்டிலும் பொருந்தும். ப்ளூடூத் வேலை செய்யவில்லை என்று குறைப்படுவோர் பலர், உடன் வந்த சிறு யு.எஸ்.பி. கம்பியை மதர்போர்டில் செருக மறந்தவர்களே. இவ்வகை அட்டைகளில் வைஃபை ஒரு வழியாகவும் ப்ளூடூத் மற்றொரு வழியாகவும் செல்கின்றன. ஆண்டெனாக்கள் கணினியின் பின்புறம், உலோகப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக் கிடப்பின் அலை எவ்வாறு எட்டும்? நீண்ட கம்பியுடன் மேசைமீது நிறுத்தும் ஆண்டெனா உள்ள அட்டையே மேலானது. விலையுயர்ந்த அட்டையைவிட, நல்லிடத்தில் நின்ற ஆண்டெனா பலமுறை அதிகம் உதவும்.

இவ்வளவும் கூறிய பின் மற்றொன்றையும் கூறாதிருத்தல் முறையன்று. மேசைக் கணினி இடம்விட்டு இடம் நகர்வதில்லை. ரூட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்குமாயின், ஒரு நெட்வொர்க் கேபிள் போதும். சுவரும் அண்டை வீட்டு அலையும் அதனைத் தடுக்கமாட்டா. பிள்ளையின் இணையவழித் தேர்வு நடுவில் அறுபடக்கூடாதெனில் அதனினும் உறுதியான வழி வேறில்லை.

ஆகவே பெற்றோர்களே, கடைக்காரரிடம் "எது சிறந்தது?" எனக் கேட்குமுன் வீட்டிலேயே நான்கு வினாக்களுக்கு விடை காணுங்கள். கேபிள் இழுக்க இயலுமா? ரூட்டர் எத்தலைமுறையைச் சார்ந்தது? கணினியின் மதர்போர்டும் இயக்க முறையும் எவை? ரூட்டருக்கும் கணினிக்கும் இடையே எத்தனை சுவர்கள்? இவற்றிற்கு விடை கிடைத்துவிட்டால், வைஃபை 6 ரூட்டர் உள்ள குடும்பத்திற்கு இரு ஆண்டெனாக்கள் கொண்ட எளிய வைஃபை 6 அட்டையே போதுமென்பது பெரும்பாலும் தெளிவாகும். மிஞ்சும் பணம், பிள்ளையின் நூல்களுக்கோ வீட்டின் வேறு தேவைக்கோ பயன்படட்டும்.