கற்றவர் எல்லாம் கற்பிப்பவரா?

பேருந்து ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். ஆலையிலே கொதிகலன் காப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையின் விரல் பிடித்து ‘அ’ எழுதக் கற்றுத்தரும் ஆசிரியருக்கு ஈராண்டுப் பயிற்சி வேண்டும். வேண்டியதுதான், மறுப்பார் யாருமில்லை. ஆனால், நாளை பாலம் கட்டவும் மின்நிலையம் நடத்தவும் போகிற மாணவனுக்கு ஆய்வுக்கூடத்திலே வழிகாட்டி நிற்கிறாரே கற்பித்தல் உதவியாளர், அவருக்கு என்ன பயிற்சி?

யார் அவர்? பொறியியல் பட்டம் பெற்று, ‘கேட்’ தேர்விலே தேறி, மேற்படிப்புக்கு வந்திருக்கும் இளைஞர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அவருக்குத் தரும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அதற்கு ஈடாக வாரம் 8 முதல் 10 மணி நேரம் கற்பித்தலிலும் ஆய்விலும் அவர் உழைக்க வேண்டும். நேற்று மாணவர், இன்று ஆசிரியர்! கையிலே வருகைப் பதிவேட்டைக் கொடுத்து, “போய் நடத்து” என்று அனுப்பினால் அவர்தான் என்ன செய்வார்? பழி அவர்மீது இல்லை. நீந்தத் தெரிந்தவன் நீந்தக் கற்றுத்தரவும் வல்லவன் என்று நினைத்துவிட்டார்களே, பிழை அங்கே இருக்கிறது.

இழப்பு யாருக்கு? வசதி படைத்தவன் மகன் தனிப்பாடம் தேடிக்கொள்வான். மூட்டை தூக்குபவன் மகன் எங்கே போவான்? அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழ்நாடு 2021ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. வாயில் திறந்தது. வரவேற்றோம், வாழ்த்தினோம். ஆனால் உள்ளே சென்ற பிள்ளை, “ஐயா, விளங்கவில்லை” என்று ஆங்கிலத்திலே சொல்லத் தயங்கி வாய்மூடி நிற்கிறான். பயிற்சி இல்லாதவர், “புரிந்ததா?” என்று கேட்பார், தலைகள் அசைந்ததும் அடுத்த மேசைக்கு நகர்வார். பயிற்சி பெற்றவரோ, “எங்கே, நீயே செய்து காட்டு, தம்பி!” என்பார். அந்த ஒரு சொல்லிலே ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது.

செய்ய முடியாத காரியமா இது? மும்பை ஐ.ஐ.டி. தன் கற்பித்தல் உதவியாளர்களுக்கென்றே பயிற்சிப் பாடம் வைத்திருக்கிறது. நம் தரமணியிலே, தொழில்நுட்ப ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காகவே 1964இல் எழுந்த நிலையம் இருக்கிறது. புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்க்கு எட்டுப் பகுதிகள் கொண்ட பயிற்சியைக் கல்விக் குழுவே வகுத்திருக்கிறது. வழி இருக்கிறது, அந்த வழியில் இந்த இளைஞர்களையும் அழைத்துச் செல்லும் மனம்தான் வேண்டும்.

பருவம் தொடங்குமுன் ஒரு வாரம் போதும். கேள்வி கேட்பது எப்படி, தவறைத் திருத்துவது எப்படி, பாகுபாடின்றி மதிப்பெண் இடுவது எப்படி, எந்திரத்தருகே விபத்தைத் தவிர்ப்பது எப்படி, தயங்குபவனுக்குத் தமிழிலே விளக்கித் தெம்பூட்டுவது எப்படி: இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். பிறகு பேராசிரியர் அவர் வகுப்பிலே வந்து அமரட்டும்; குறை கண்டால் தனியே அழைத்துச் சொல்லட்டும். பட்டறை மேஸ்திரி புதுப்பையன் கையிலே உளியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. பக்கத்திலே நின்று கையைத் திருத்துகிறார். பட்டறை அறிந்த இந்தப் பாடம் பல்கலைக்கழகத்துக்குத் தெரியாமல் போகலாமா?

இடம் கொடுத்தீர்கள், நன்றி. இனிப் பாடத்தையும் விளங்கும்படி கொடுங்கள்!