பழைய மோட்டாரும் ஆராயும் முறையும்

அம்பாஸிடர் வண்டியின் உற்பத்தி உத்தரபாரா ஆலையில் 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டிகள் சில இன்னும் நம் வீதிகளில் ஓடுகின்றன, எம்மிடத்தும் ஒன்றுண்டு. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் உடையது. சென்ற மழைக்காலத்தில் அது மேடேறும்போதெல்லாம் குலுங்கி விக்கலாயிற்று. தொழிலாளர் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். சிலிண்டரினுட் புகுந்த பெட்ரோல் ஆவி உரிய கணத்தில் பற்றாதொழிதலே அது.

யாம் வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். மூன்று நாளில் நான்கு பிளக்குகளும் புதியன ஆயின. கார்புரேட்டர் கழற்றிக் கழுவப்பட்டது. புதுக் காயிலும் வந்தது. பணம் போயிற்று, விக்கல் போகவில்லை. ஏன் மாற்றுகிறோம் என வினவாது மாற்றும் இவ்வழக்கமே எம் கண்டனத்துக்குரியது. அது பட்டறையில் மாத்திரம் உளதன்று. சோதனைச்சாலையில் விடை பொருந்தாவிடின் உடனே வேறு கருவி கேட்கும் மாணவரை யாம் கண்டதில்லையா?

பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம், பாயிண்டுகள் மூடியிருக்கையில் காயிலிற் பாய்கிறது. அவை திறக்கும் கணத்தில் காயிலிற் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, ரோட்டார் வழியே முறைப்படி ஒவ்வொரு பிளக்கையும் அடைகிறது. ஆகவே காயிலும் பாயிண்டும் கன்டென்சரும் ரோட்டாரும் நான்கு சிலிண்டர்களுக்கும் பொது. கம்பியும் பிளக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி. இதனை உணர்ந்தார்க்குப் பாதி வேலை முடிந்தது. எஞ்சின் மெல்ல ஓடுகையில் பிளக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாக விலக்குக. (காப்பிட்ட குறடு வேண்டும், வெறுங்கையால் தொட்டவர் மறுமுறை தொடார்.) ஒன்றை விலக்கியும் ஓட்டம் தளராதெனின் அச்சிலிண்டரே பற்றாதது. அதன் பிளக்கை அயற்சிலிண்டருக்கு மாற்றுக. குற்றம் உடன்சென்றால் அது பிளக்கினது; செல்லாவிடின் கம்பியை ஐயுறுக, அன்றேல் வால்வை. வால்வு எரிந்து அழுத்தம் குன்றிய சிலிண்டருக்கு நூறு பிளக்கு மாற்றியும் பயன் என்னை?

எம் வண்டியிலோ எக்கம்பியை விலக்கினும் ஓட்டம் ஒரே அளவாகத் தளர்ந்தது. எனவே குற்றம் பொது உறுப்பிலேயே இருத்தல் வேண்டும். மழையீரம் காரணமோ என்று டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தோம். உட்புறம் உலர்ந்தே இருந்தது. பாயிண்டுகளின் முகமோ நீலம் பாய்ந்து, கருகிக் குழிந்திருந்தது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகையில் அவை 6000 முறை திறப்பன. திறக்குந்தோறும் அங்கே பொறி எழாவண்ணம் காப்பது விரலளவேயுள்ள கன்டென்சர். அது கெட்டால் பாயிண்டு கருகும். காயிலின் வன்மையும் குன்றும். பாயிண்டை மாத்திரம் மாற்றியிருப்பின் அதுவும் சின்னாளிற் கருகியிருக்கும். இரண்டையும் புதிதாக இட்டு, இடைவெளியை 0.015 அங்குலமாக அமைத்தோம். விக்கல் நின்றது.

இக்காலத்துக் கார்களிற் கணினியே குறியெண் காட்டுமே, இவ்வாராய்ச்சி எதற்கு என்பாரும் உளர். அக்குறியெண் எந்தச் சிலிண்டர் பற்றவில்லை என்று உரைக்குமேயன்றி, ஏன் பற்றவில்லை என்று உரையாது. அதனைக் கண்டதும் காயில் வாங்க ஓடுவோர் இன்றும் பலர்.

ஆதலின் பௌதிக மாணவர்க்குப் பழைய எஞ்சின் ஒன்றைச் சோதனைச்சாலையில் வைத்தல் வேண்டும். ஆசிரியர் அதில் ஒரு குறையை மறைவாக இடுக. காரணத்தை எழுதிக் காட்டிய பின்னரே மாணவர் ஓர் உறுப்பைத் தொடலாம். வீணே மாற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் மதிப்பெண் குறைக. எஞ்சினுக்கு எங்கே போவது என்பரேல், எம் வண்டியையே ஒரு பருவத்துக்குத் தர இசைவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாளில் மாத்திரம் அதனை ஓடும் நிலையில் திருப்பித் தருவாராக.