திரையில் தீரும் மோதல், தெருவில் தீராத மோதல்

தாய்லாந்து, ஜப்பான், தென்கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் தயாராகும் தன்பால் காதல் தொடர்களுக்கு இன்று இந்தியாவிலும் பெரும் பார்வையாளர் கூட்டம் உண்டு. அப்பார்வையாளர்களிடையே ஒரு விவாதம் பல ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவருகிறது. இரு ஆண்களின் காதலைச் சொல்லும் கதையில் மோதல் வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. மேலோட்டமாகப் பார்த்தால் இது ரசனை பற்றிய சச்சரவு. உள்ளே சென்று பார்த்தால் குடும்பம், சொத்து, சட்டம், உழைப்பு ஆகிய நான்கும் இவ்விவாதத்திற்குள் அடங்கியிருப்பது தெரியும்.

மோதல் வேண்டாம் என்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பல பத்தாண்டுகளாகத் திரையில் தன்பாலீர்ப்பு கொண்ட மனிதருக்கு இரண்டே வேடங்கள் தரப்பட்டன. ஒன்று, கேலிப்பொருள், மற்றொன்று, கதை முடிவதற்குள் சாக வேண்டியவர். நோய், தற்கொலை, கட்டாயத் திருமணம், பிரிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில்தான் அக்காதல்கள் முடிந்தன. அந்த வரலாற்றை அறிந்தோர், இரு ஆண்கள் ஒரே மேசையில் அமர்ந்து அமைதியாக உணவருந்தும் காட்சியைப் பார்க்க விரும்புவதில் வியப்பேதுமில்லை. வாழ்க்கையில் போதுமான துன்பம் இருக்கிறது, திரையிலாவது சற்று இளைப்பாறலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

மறுதரப்பினர் கேட்பது வேறு. எதிர்க்கும் பெற்றோர் இல்லை, காவல் நிலையம் இல்லை, வாடகைக்கு வீடு தர மறுப்பவர் இல்லை, வேலையிலிருந்து நீக்கும் முதலாளி இல்லை என்றால் அது எந்த நாட்டின் கதை என்பது அவர்களின் கேள்வி. இவ்விரு தரப்பினரும் ஒன்றுபடும் இடமும் உண்டு. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட தொடரில் பதினோராம் பகுதி வந்ததும் காதலர்கள் காரணமின்றிப் பிரிந்து, அடுத்த பகுதியில் கூடிவிடும் வழக்கத்தை எவரும் விரும்புவதில்லை. பார்வையாளர்கள் அதற்குப் ‘பதினோராம் பகுதிச் சாபம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தச் சாபத்தின் பொருளாதாரம்தான் ஆராயத்தக்கது. இத்தொடர்களில் மோதலே இல்லை என்பது சரியல்ல; ஒரு வகை மோதல் தாராளமாகவே இருக்கிறது. 2020இல் உலகெங்கும் புகழ்பெற்ற ‘2கெதர்’ என்ற தாய்லாந்துத் தொடரில், தன்னைத் தொடர்ந்து வரும் ஒருவனைத் தவிர்க்க ஒரு மாணவன் இன்னொரு மாணவனைக் காதலனாக நடிக்கக் கேட்கிறான். நடிப்பு உண்மையாகிறது. முடிவை நெருங்கும்போது பழைய தோழி ஒருத்தி வருகிறாள், ஐயம் எழுகிறது, பிரிவு நேர்கிறது, பிறகு சமாதானம். பொறாமை, தவறான புரிதல், சொல்லாமல் விட்ட சொல் ஆகிய எல்லாமே இரு மனங்களுக்குள் பிறந்து அங்கேயே தீரும் மோதல்கள். ஒருவர் மனம் மாறினால் போதும், கதை சுபமாக முடியும். சமூகத்தில் எதுவும் மாற வேண்டியதில்லை.

சந்தைக்கு ஏற்ற மோதல் இதுவே. எந்த நாட்டுத் தணிக்கையையும் விளம்பரதாரரையும் இது உறுத்தாது. காதலர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே முகப்பூச்சு விளம்பரமும் நொறுக்குத்தீனி விளம்பரமும் கதைக்குள் நுழைந்துவிட முடியும். 2021ஆம் ஆண்டில் தாய்லாந்து வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி மேம்பாட்டுத் துறை இத்தொடர்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்பதற்கு ஊக்கமளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், திருமணத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் உரியதாக்கிய சிவில் சட்டப் பிரிவு 1448 அரசியல் சாசனத்திற்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. காதலின் படம் ஏற்றுமதிக்குரிய சரக்கானது; காதலித்தவர்கள் உரிமையற்றவர்களாகவே இருந்தார்கள். இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

வேறு வகையில் கதை சொல்ல முடியாதா? முடியும் என்பதற்கு ஜப்பானில் 2019இல் ஒளிபரப்பான ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்ற தொடர் சான்று. யோஷினகா ஃபூமி வரைந்த சித்திரக்கதையைத் தழுவிய இத்தொடரின் நாயகர்கள் நடுவயதைத் தொட்ட இருவர். ஒருவர் வழக்கறிஞர், தம் வாழ்க்கைத் துணை ஓர் ஆண் என்பதை அலுவலகத்தில் மறைத்து வாழ்பவர். மற்றவர் முடிதிருத்தும் கலைஞர், மறைக்க விரும்பாதவர். கடையில் விலை குறைந்த காய்கறி எது என்று பார்ப்பது, மாதச் செலவைக் கட்டுக்குள் வைப்பது, முதுமையை எண்ணிக் கவலைப்படுவது ஆகியவைதாம் கதை. மோதல் வேண்டாம் என்போர் விரும்பும் அமைதியான உணவு மேசை இத்தொடரில் ஒவ்வொரு பகுதியிலும் உண்டு.

ஆனால் அந்த மேசைக்கு அடியில்தான் மோதல் இருக்கிறது. கதையில் வரும் இன்னோர் இணையரில் ஒருவர், தாம் உழைத்துச் சேர்த்த பொருள் தம் மரணத்திற்குப் பின் பெற்றோருக்குச் செல்லாமல் தம் துணைவருக்கே சேர வேண்டும் என்று விரும்புகிறார். திருமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தராததால், துணைவரை ‘மகனாக’ச் சுவீகாரம் எடுப்பது பற்றி அவர்கள் பேசுகிறார்கள். காதலனை மகன் என்று பதிவு செய்தால்தான் அரசு அவர்களின் உறவை ஏற்கும். ஒருவரும் கத்தவில்லை, கன்னத்தில் அறையவில்லை, மழையில் நின்று அழவில்லை. இருப்பினும் தன்பால் இணையரின் வாழ்க்கையில் உள்ள அடிப்படை மோதல் அந்த உரையாடலில் முழுமையாக வெளிப்பட்டுவிடுகிறது.

குடும்பம் என்ற அமைப்புக்கும் தனிச்சொத்துக்கும் அரசுக்கும் உள்ள பிணைப்பை எங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விளக்கினார். யார் யாரைக் காதலிக்கலாம் என்ற கேள்வியின் பின்னால், யாருடைய சொத்து யாருக்குச் செல்லும் என்ற கேள்வி நிற்கிறது. வாரிசுரிமை, ஓய்வூதியம், காப்பீடு, மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் கையெழுத்து ஆகியவை பதினோராம் பகுதியில் தோன்றிப் பன்னிரண்டாம் பகுதியில் மறைவன அல்ல. சட்டம் மாறும்வரை அவை நீடிக்கும். தென்கொரியாவில் ஓர் ஆண் தம் துணைவரின் மருத்துவக் காப்பீட்டில் சார்ந்திருப்பவராகச் சேர்வதற்கே உச்ச நீதிமன்றம்வரை போராட வேண்டியிருந்தது. 2024 ஜூலையில்தான் அவருக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது.

தாய்லாந்திலும் எல்லாப் படைப்பாளிகளும் சந்தைக்கு அடங்கிவிடவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நாட் மீ’ என்ற தொடர், சட்டத்திற்கு அப்பாற்பட்டவராக உலவும் ஒரு பெருமுதலாளிக்கு எதிராகத் திரளும் இளைஞர்களைப் பற்றியது. அதில் திருமணச் சமத்துவம் கோரும் மக்கள் தெருவில் மாபெரும் வானவில் கொடியை விரிக்கும் காட்சி இடம்பெற்றது. கதையின் காதலர்கள் அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்கிறார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் ராணுவப் பின்புலம் கொண்ட ஆட்சிக்கு எதிராக மாணவர்களும் இளைஞர்களும் நடத்திய போராட்டங்களில் பால்புதுமையினர் முன்வரிசையில் நின்றனர் என்பது வரலாறு. அத்தொடர் அந்த வரலாற்றிலிருந்து தன் மோதலை எடுத்துக்கொண்டது. காதலும் கெட்டுவிடவில்லை, கதையும் வறண்டுவிடவில்லை.

தாய்லாந்தில் உரிமை எப்படி வந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 2024 மார்ச்சில் கீழவையில் 400 உறுப்பினர்கள் ஆதரவாகவும் 10 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஜூனில் மேலவை ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரி 23 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் இவ்வுரிமையை அளித்த முதல் நாடு அதுவே. தொடர்கள் மக்களின் பார்வையைப் பழக்கியிருக்கலாம். அந்தப் பங்கை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் இயற்றச் செய்தது பல ஆண்டுக் கால மக்கள் இயக்கம். மசோதாவை நாடாளுமன்றத்திற்குக் கொண்டுசென்ற கட்சிகளுள் முன்னின்ற ‘மூவ் ஃபார்வர்ட்’ கட்சி, முடியாட்சி குறித்த சட்டத்தைத் திருத்த முனைந்ததற்காக 2024 ஆகஸ்டில் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. திரைக்கதை எழுதுவோர் தேடியலையும் மோதல் அங்கே நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

சீனாவின் அனுபவம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 2016இல் ‘அடிக்டட்’ என்ற தொடர் முடிவதற்குள்ளாகவே அந்நாட்டு இணையத் தளங்களிலிருந்து நீக்கப்பட்டது. 2019இல் வெளிவந்த ‘தி அன்டேம்ட்’ தொடரில், மூலநாவலின் காதலர்கள் உயிர்த்தோழர்களாக்கப்பட்டனர். 2021இல் ஒளிபரப்புத் துறை அத்தகைய கதைகளுக்கும் ‘பெண்மைத் தோற்றம் கொண்ட’ ஆண்களுக்கும் திரையில் இடமில்லை என்று அறிவித்தது. பார்வையாளர்கள் ஒரு பார்வையிலும் ஒரு புல்லாங்குழல் இசையிலும் காதலைத் தேடிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சந்தை காதலை விற்று மோதலை ஒளித்தது. தணிக்கை காதலையே ஒளித்தது. இரண்டையும் விமர்சிக்கும் நேர்மை முற்போக்காளர்களுக்கு வேண்டும். பழைமைவாத ஆண்மைக்குச் சோஷலிசத்தின் பெயரால் அரண் கட்டுவது சோஷலிசத்திற்கு எவ்வகையிலும் பெருமை சேர்க்காது.

திரைக்குப் பின்னால் உள்ள மோதல் பற்றிப் பார்வையாளர்களில் ஒரு பகுதியினரே பேசுகின்றனர். தாய்லாந்துத் தொழிலில் இரு நடிகர்கள் ஓர் இணையாகவே சந்தைப்படுத்தப்படுகிறார்கள். தொடர் முடிந்த பின்னும் ரசிகர் சந்திப்புகளிலும் விளம்பரங்களிலும் அவர்கள் காதலர் போலவே பழக வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஒருவருக்கு உண்மையில் காதலி இருப்பது தெரிந்தால் ரசிகர்கள் சினம்கொள்கிறார்கள். நிறுவனத்தின் வருமானம் குறைகிறது. நடிப்பை மட்டுமின்றிப் புன்னகை, தொடுகை, தனிவாழ்வு ஆகிய அனைத்தையும் சரக்காக்கும் உழைப்பு இது. காதலின் சுதந்திரத்தைக் கொண்டாடும் கதைக்காக, அதை நடித்துக்காட்டும் இளந்தொழிலாளி தன் காதல் சுதந்திரத்தை இழக்கிறார். ‘அவர்கள் உண்மையிலேயே காதலர்களா?’ என்று கேட்கும் ரசிகர், அவர்களின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதே அவர்களுக்குச் செய்யும் நன்மை.

பார்வையாளர்களின் விமர்சனத்திற்கு வலிமை உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. தொடக்ககாலத் தொடர்கள் பலவற்றில் விருப்பமில்லாதவரை வலிந்து முத்தமிடுவதும் மயக்கத்தில் இருப்பவரைத் தொடுவதும் காதலாகக் காட்டப்பட்டன. ‘எனக்கு ஆண்கள்மீது நாட்டமில்லை, உன்மீது மட்டுமே’ என்ற வசனம் பெருமையாக ஒலித்தது. இவற்றை எதிர்த்துக் குரல் கொடுத்தோரில் பெண்களும் பால்புதுமையினரும் முன்னின்றனர். வன்முறை, காதலுக்குரிய மோதல் அன்று; அது குற்றம் என்று அவர்கள் வலியுறுத்தினர். பின்னர் வந்த பல தொடர்களில் சம்மதம் கேட்கும் காட்சிகள் இடம்பெற்றன.

இந்தியாவில் இவ்விவாதம் வெறும் அயல்நாட்டுக் கதை பற்றியதன்று. பிரிட்டிஷ் ஆட்சி 1860இல் திணித்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோரின் தன்பால் உறவைக் குற்றமாக்கும் நிலையை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் முடிவுக்குக் கொண்டுவந்தது. திருமண உரிமை கோரிய வழக்கில், அக்கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்று ஒன்றிய அரசு வாதிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை அங்கீகரிக்க மறுத்து, பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டது.

மேட்டுக்குடி வாதம் பொய் என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஒருவரையொருவர் நேசித்த மதுரை இளம்பெண்கள் இருவர் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காணவில்லை என்று புகார் அளித்தனர், காவல்துறை தேடியது, பெண்கள் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2021 ஜூன் 7 அன்று அந்த வழக்கில்தான், பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சை முயற்சிகளுக்குத் தடைவிதிக்கும் ஆணை பிறந்தது. சாதி மறுத்துக் காதலிக்கும் இணையரைத் துரத்தும் அதே குடும்ப மானம், அதே காவல் நிலையம், அதே ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற அச்சம் இவர்களையும் துரத்துகின்றன. கையில் பணமும் ஆங்கிலமும் உள்ளவர் வேறு நகரத்துக்குச் சென்றுவிடலாம். தினக்கூலிக்கு உழைக்கும் இணையருக்கு வாடகை வீடே முதல் போர்க்களம்.

ஆகவே மோதல் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி பாதிக் கேள்வியே. இனிமையான முடிவை விரும்புவது குற்றமன்று. மகிழ்ச்சி உழைக்கும் மனிதரின் உரிமை. அந்த மகிழ்ச்சிக்குக் குறுக்கே நிற்பது யார் என்பதைக் கதை மறைக்கிறதா, சொல்கிறதா என்பதே கேட்க வேண்டியது. தடையாக நிற்பது பழைய தோழி என்றால் ஒரு மன்னிப்பு போதும். தடையாக நிற்பது வாரிசுச் சட்டமும் வாடகை ஒப்பந்தமும் காவல் நிலையமும் என்றால் அமைப்பாகத் திரண்டு போராட வேண்டும். திரையில் இரு ஆண்களின் காதலுக்குக் கண்ணீர் விடும் லட்சக்கணக்கானோர், அண்டை வீட்டில் குடிவரும் இணையருக்கு வீடு மறுக்கப்படும்போது குரல் எழுப்பினால், தொழிற்சங்கங்களும் மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகளும் அந்தக் குரலோடு சேர்ந்தால், இந்திய நாடாளுமன்றத்திலும் ஒருநாள் அந்த வாக்கெடுப்பு நடக்கும்.