தலைமுடியில் உடம்பின் கணக்குப் பார்க்கலாமா?

அக்குறணைப் பக்கத்தில் பிடவைக் கடை நடத்தும் வாசகர் ஒருவர், தனக்குக் கிடைத்த பிரசுரமொன்றை எமக்கு அனுப்பி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

பிரசுரம் சொல்வது இதுதான். பிடரிப் பக்கத்தில் கொஞ்சம் முடியை வெட்டி உறையிலிட்டு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். சில வாரங்களில் வர்ணப் பட்டைகளோடு ரிப்போர்ட் வரும். கல்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், நாகம், செம்பு என்று எது கூட, எது குறைய என்பதெல்லாம் அதில் இருக்கும். அதனை வைத்து உங்கள் மன அழுத்தம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, என்ன சாப்பிட வேண்டும், எந்தக் கெப்சியூல்களை எத்தனை மாதம் எடுக்க வேண்டும் என்று எழுதித் தருவார்கள். கெப்சியூலும் அவர்களிடமே இருக்கிறது.

வாசகரின் முதலாவது கேள்வி: களைப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் எனக்கு இருக்கின்றன, இதனைச் செய்து பார்க்கலாமா? இரண்டாவது: எங்கள் பகுதிக்கு முகவராக இருக்கும்படி கேட்கிறார்கள், கொமிஷனும் நன்றாக இருக்கிறது, எடுக்கலாமா?

இரண்டுக்கும் எமது பதில் வேண்டாம் என்பதே. ஆனால் வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் வியாபாரி விடமாட்டார். காரணம் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். முடியைப் பரிசோதிப்பது என்பதே ஏமாற்று வேலையல்ல. தலைமுடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. வளரும்போது இரத்தத்தில் உள்ள சில நஞ்சுகள் அதற்குள் படிந்துவிடுகின்றன. 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக்கில் நடந்தது இதற்கு நல்ல சான்று. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க இரசச் சேர்வை பூசிய விதைக் கோதுமை அங்கு இறக்குமதி செய்யப்பட்டது. விதைக்கும் பருவம் தாண்டிய பின்னரே அது பல கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மூடைகளில் இருந்த எச்சரிக்கையோ அந்த மக்கள் அறியாத மொழிகளில் இருந்தது. விதையில் பூசியிருந்த சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். மாவரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். உத்தியோகபூர்வக் கணக்கின்படி 6,530 பேர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டார்கள். 459 பேர் அங்கேயே மௌத்தானார்கள். ஒருவர் எந்த மாதத்தில் அந்த ரொட்டியைச் சாப்பிடத் தொடங்கினார், எப்போது நிறுத்தினார் என்பதை ஆய்வாளர்கள் பாதிக்கப்பட்டவர்களின் தலைமுடியை நீளவாக்கில் துண்டு துண்டாகச் சோதித்தே கண்டுகொண்டார்கள். இரசம் போன்ற நஞ்சு விடயத்தில் முடி நல்ல சாட்சி.

ஆனால் இரசத்துக்குச் சாட்சி சொல்லும் முடி, உங்கள் மன அழுத்தத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சாட்சி சொல்லும் என்பது வேறு கதை. அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த போல் எக் என்பவரும் அவர் வழி வந்தவர்களும் பரப்பிய கருத்து இது. மனிதர்களை வேகமாக எரிப்பவர், மெதுவாக எரிப்பவர் என்று பிரிப்பார்கள். முடியில் உள்ள சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இடையிலான விகிதத்தைப் பார்த்து அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டதா என்று சொல்வார்கள். கேட்பதற்கு மிகவும் விஞ்ஞானபூர்வமாக இருக்கும். ஆதாரம் கேட்டால்தான் தட்டுப்பாடு.

இந்த ஆய்வுகூடங்களை அமெரிக்காவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1985இல் ஸ்டீவன் பெரட் என்ற வைத்தியர், சுகதேகிகளான இரண்டு பிள்ளைகளின் முடியை வேறு பெயர்களில் 13 வர்த்தக ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினார். முடிவுகள் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபட்டன. அது மாத்திரமல்ல, ஒரே முடியை ஒரே ஆய்வுகூடத்துக்கு இரண்டு தடவை அனுப்பியபோதும் முடிவுகள் ஒத்துவரவில்லை. அவர் வெளிப்படையாகவே இந்த வியாபாரத்தின் எதிரி, அதனால் அப்படித்தான் எழுதுவார் என்று சொல்லப்பட்டது. சரி, அதனை விடுவோம். 2001 ஜனவரியில் கலிபோர்னியா மாநில சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள் அதே வேலையைச் செய்தார்கள். ஆரோக்கியமான ஒருவரின் முடியைப் பங்குபோட்டு ஆறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினார்கள். 12 கனியுப்புகளில் ஆகக் கூடிய அளவுக்கும் ஆகக் குறைந்த அளவுக்கும் இடையில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஒன்று எதைச் சாப்பிடச் சொன்னதோ அதற்கு முரணாக இன்னொன்று சொன்னது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இவ்விரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன.

பத்து மடங்கு என்றால் என்ன என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புறக்கோட்டையில் ஆறு கடைகளில் ஒரே மூடைச் சீனியை நிறுத்துப் பார்க்கிறீர்கள். ஒரு தராசு 50 கிலோ என்கிறது, இன்னொன்று 5 கிலோ என்கிறது. அந்தத் தராசில் யாராவது கொள்வனவு செய்வாரா? தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு, தண்டம். பேருவளை சீனங்கோட்டையில் மாணிக்கம் வாங்குபவர்களைப் பாருங்கள். ஒரு நீலக்கல் சூடு காட்டப்பட்டதா இல்லையா என்பதில் இரண்டு ஆய்வுகூடங்கள் அபிப்பிராய பேதப்படலாம். ஆனால் கல்லின் கரட் நிறையில் ஒன்று 2 என்றும் மற்றொன்று 20 என்றும் சொன்னால், அந்தச் சான்றிதழைக் காட்டி ஒரு சதமும் வாங்க முடியாது. கல் விடயத்தில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் சொந்த உடம்பு விடயத்தில் வர்ணப் பட்டையைப் பார்த்து மயங்குவதுதான் எமக்கு விளங்கவில்லை.

இந்தப் பிழை இயந்திரத்தில் மாத்திரம் உள்ளதல்ல. இயந்திரங்கள் இன்று மிகவும் நுட்பமானவை. பிரச்சினை முடியில்தான் இருக்கிறது. முடி உடம்புக்கு வெளியே வெயிலிலும் தண்ணீரிலும் கிடக்கும் பொருள். பொடுகுக்குப் போடும் சில ஷெம்பூக்களில் நாகச் சேர்வை இருக்கிறது, சிலவற்றில் செலனியம் இருக்கிறது. அவற்றைப் பாவிப்பவரின் முடியில் அந்த உலோகங்கள் கூடுதலாகத்தான் தெரியும். புத்தளம் போன்ற சுண்ணாம்புக் கல் நிலங்களில் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பவரின் முடியில் தண்ணீரின் கல்சியமும் ஏறியிருக்கும். சாயம் பூசினாலும் மருதாணி போட்டாலும் கணக்கு மாறும். ஆய்வுகூடத்தார் முடியைக் கழுவிவிட்டுச் சோதிக்கிறோம் என்பார்கள். கழுவும் முறையும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. கூடக் கழுவினால் உள்ளே இருப்பதும் போய்விடும். இவ்வளவுக்கும் மேலாக, எது சாதாரண அளவு என்பதை ஒவ்வொரு ஆய்வுகூடமும் தானே தீர்மானித்துக்கொள்கிறது.

இன்னுமொரு விசித்திரம். நாகச் சத்து மிகவும் குறைந்தவருக்கு முடி வளர்வதே மெதுவாகிவிடும். மெதுவாக வளரும் முடியில் இருக்கும் கொஞ்ச நாகமும் செறிந்து, அளவு சாதாரணமாகவோ கூடுதலாகவோ கூடக் காட்டலாம். அதாவது பட்டினி கிடப்பவரின் கணக்கில் மீதி நிறைய இருப்பதாகத் தெரியும்.

சரி, பணம்தானே போகும், போனால் போகட்டும் என்று சிலர் சொல்லலாம். பணம் மட்டும் போனால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டோம்.

எமது கடைக்காரர் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். ஸுபஹுக்கு எழும்பி எட்டு மணிக்குக் கடை திறக்கிறார். பகலுக்குள் சீனி போட்ட தேநீர் ஐந்தாறு தடவை. இடையில் ரோல்ஸ், பெட்டிஸ். பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி. இஷாவுக்குப் பின்னர் கணக்கு முடித்து வீட்டுக்குப் போய்ப் பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கை. நாள் முழுக்க நடந்தது கடைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் மாத்திரம். இவருக்குக் களைப்பு வருகிறது, இரவில் பல தடவை எழும்ப வேண்டியிருக்கிறது, எரிச்சல் வருகிறது. பிரசுரத்தைப் பார்த்தால் அத்தனையும் கனியுப்புச் சமநிலைக் குறைவின் அறிகுறிகள். எந்த வைத்தியரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது நீரிழிவைப் பாருங்கள் என்றுதான். தைரொயிட் குறைபாடாகவும் இருக்கலாம், இரத்தச் சோகையாகவும் இருக்கலாம், குறட்டையோடு வரும் தூக்க மூச்சடைப்பாகவும் இருக்கலாம்.

2005, 2006 காலப் பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானோர் அந்தப் பரிசோதனை வரை தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்திருக்கவில்லை. பின்னர் வந்த கணக்குகளில் விகிதம் ஏறியிருக்கிறது. அப்படி அறியாமல் இருக்கும் ஒருவர் முடி ரிப்போர்ட்டை நம்பி ஆறு மாதம் கெப்சியூல் விழுங்கினால், அந்த ஆறு மாதமும் சீனி அவருடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் தின்றுகொண்டிருக்கும். அதன் நட்டத்தை எந்த முகவரும் ஈடுசெய்யப் போவதில்லை.

கெப்சியூலும் சும்மா கிடக்கும் பொருளல்ல. நாகத்தை அளவுக்கு மிஞ்சி நீண்ட நாள் எடுத்தால் உடம்பில் செம்பு குறைந்துவிடும். தைரொயிட் மாத்திரை எடுப்பவர் அதே நேரத்தில் கல்சியமோ இரும்போ எடுத்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. பிரஷருக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் மேலதிக பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் செலனியம் போத்தலில் குறிப்பிட்ட அளவைவிட ஏறத்தாழ 200 மடங்கு கூடுதலாகக் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலானோருக்குத் தலைமுடி கொட்டியது.

அப்படியானால் என்ன செய்வது? பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சரியான தராசில் நிறுக்கச் சொல்கிறோம். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, எச்பிஏ1சி, கொலஸ்ட்ரோல், கிரியட்டினின், முழு இரத்தக் கணக்கீடு, தேவையானால் தைரொயிட். இவற்றை எந்த நல்ல ஆய்வுகூடத்தில் செய்தாலும் முடிவுகள் ஓரளவு ஒத்தே வரும். வைத்தியருக்கும் அவற்றை வாசித்து என்ன செய்வதென்று தெரியும். பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் 2011 தொடக்கம் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் ஆரம்பிக்கப்பட்டுள்ளன. நடுத்தர வயதினருக்கு எடை, பிரஷர், இரத்தச் சீனி ஆகியவற்றை அங்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். எமது ஆண்கள்தான் கடையைப் பூட்டிவிட்டு அங்கு போய் வரிசையில் நிற்க வெட்கப்படுகிறார்கள்.

மன அழுத்தத்தைப் பொறுத்தவரை அதனைக் கண்டுபிடிக்க முடியை வெட்ட வேண்டியதில்லை. காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பார்த்தால் போதும். பின்திகதியிட்டுக் கொடுத்த காசோலைகள் ஒரே வாரத்தில் விழுகின்றன, கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் வரவில்லை, வங்கியிலிருந்து தொலைபேசி வருகிறது. இதற்கு மக்னீசியம் என்ன செய்யும்? மாத ஆரம்பத்திலேயே எந்தத் திகதிக்கு எவ்வளவு போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைப்பதும், புதிய காசோலை எழுதுமுன் அந்தத் தாளைப் பார்ப்பதும், பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் மகனையோ வேலையாளையோ கல்லாவில் இருத்துவதும், அஸருக்குப் பின் அரை மணி நேரம் நடப்பதும் செலவில்லாத வைத்தியங்கள். இவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்ய மனமில்லாதபோதுதான் உறைக்குள் முடியை வைத்து அனுப்பத் தோன்றுகிறது.

இனி முகவர் விடயம். பிரசுரத்தின்படி முகவருக்கு வருமானம் பரிசோதனையில் குறைவு, கெப்சியூலில் கூடுதல். கீழே இன்னும் ஆட்களைச் சேர்த்தால் மேலும் கொமிஷன் என்றும் இருக்கிறது. ஆள் சேர்ப்பதிலேயே பிரதான வருமானம் வரும் பிரமிட் திட்டங்கள் இந்த நாட்டில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. பொருளைப் பற்றிப் பிழையான தகவல் சொல்லி விற்பதற்கு எதிராக 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், குறைத்து நிறுப்பவர்களைக் கண்டித்து ஒரு ஸூராவே இறங்கியிருக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அளவு சரியா பிழையா என்று விற்பவருக்கே தெரியாத தராசை ஊராரின் முன் எப்படி வைப்பது? ஊரில் உங்களை நம்பி வாங்குபவர் மச்சானாகவோ மாமாவாகவோ பள்ளியில் பக்கத்து ஸஃப்பில் நிற்பவராகவோதான் இருப்பார்.

இவ்வளவு சொன்ன பின்னும் மனம் கேட்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பிடரியில் ஒரே இடத்தில் வெட்டிய முடியை நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரித்து இரண்டு உறைகளில் போடுங்கள். ஒன்றில் உங்கள் பெயரை எழுதுங்கள், மற்றதில் உங்கள் தம்பியின் பெயரை எழுதுங்கள். இரண்டு வார இடைவெளியில் அதே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். இரண்டு ரிப்போர்ட்டும் வரும் வரையில் ஒரு கெப்சியூல் போத்தலுக்கும் பணம் கட்ட வேண்டாம். வந்ததும் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொள்வனவுப் பட்டியலையும் வந்த சரக்கையும் ஒப்பிடுவது போல் வரிக்கு வரி பேனையால் அடையாளமிட்டுப் பாருங்கள்.